செண்டோல் கடை அக்காவுக்கும் என் ஊருக்கும் நன்றி

சுங்கை சிப்புட் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ஈப்போவில் மருத்துவர் என் முட்டியை மடக்கி, நீட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி, இனிமேல் காற்பந்து ஆடலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அம்மா ஒன்றும் பேசாமல் சாமி விளக்கை ஏற்றப் போய்விட்டார். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. இந்த நன்றியைத் தள்ளிப்போட மனம் வராமல் விடியற்காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாய்லாந்துக்குக் காற்பந்து ஆடப் போய், முட்டியில் தசைநார் கிழிந்து திரும்பிய கதையை இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை. எந்த நிலையில் வந்து இறங்கினேன் என்று ஊருக்கே தெரியும். வந்து இறங்கிய பிறகு நீங்கள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஓர் அக்காவுக்கு. பேரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பரவாயில்லை, பட்டணத்தில் யாரைக் கேட்டாலும் செண்டோல் (சீவின ஐஸில் தேங்காய்ப்பால் ஊற்றித் தரும் இனிப்பு) கடை அக்கா என்றால் தெரியும்.

ஏசிஎல் என்கிற முட்டித் தசைநாருக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது புரியும். கிழிந்த தசைநாருக்குப் பதிலாக என் தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரை எடுத்து முட்டிக்குள் பொருத்தினார்கள். அது உடம்போடு சேர்ந்து பலமாகி, ஓர் ஆட்டக்காரன் மறுபடி போட்டியில் இறங்கக் குறைந்தது 9 மாதமாவது வேண்டும் என்கிறார்கள். அதற்குள் அவசரப்பட்டால் திரும்பக் கிழியும் ஆபத்து அதிகம். ஆரம்பத்தில் பந்தைப் பற்றிய பேச்சே கிடையாது. காலை முழுசாக நீட்ட வேண்டும், வற்றிப்போன முன்தொடைச் சதைக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பயிற்சி செய்தால் முட்டி வீங்கும். வீக்கம் வடியாவிட்டால் மறுநாள் பயிற்சி செய்ய முடியாது. அதற்குத்தான் ஐஸ். எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் உறைகிற ஐஸ் ஒரு வேளைக்கே போதவில்லை.

நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை வாசலில் மோட்டார் வந்து நின்றது. அக்காவின் மகன். பழைய துண்டில் சுற்றிய இரண்டு பைகளை நீட்டி, "அம்மா கொடுக்கச் சொன்னாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டான். பிரித்துப் பார்த்தால் செண்டோலுக்குச் சீவுகிற அதே ஐஸ். கட்டி ஐஸை முட்டியில் வைத்தால் ஓரிடத்தில் படும், ஓரிடத்தில் படாது. சீவின ஐஸ் முட்டியைச் சுற்றி நன்றாகப் படிந்துவிடும். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோவிடம் சொன்னபோது அவருக்கே சந்தோஷம். நடுவில் ஒரு துணி போட்டு, 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும் என்றார்.

மறுநாளும் ஐஸ் வந்தது. மழை நாளிலும் வந்தது. ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியதும் நேரே கடைக்குப் போய்க் காசை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "மிஞ்சுன ஐஸ்தான் தம்பி. சும்மா கரைஞ்சு ஓடுறதுக்கு உன் காலுக்காவது ஆகட்டும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி விடுமுறையில் நல்ல வெயில் அடித்த ஒரு நாள், அந்தப் பக்கம் போனபோது கடையில் ஒரே கூட்டம். மூன்று மணிக்கெல்லாம் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அக்கா ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஈப்போவிலிருந்து கார் போட்டு வந்த குடும்பம்கூடத் திரும்பிப் போனது. சரி, இன்றைக்கு ஐஸ் வராது என்று வீட்டுக்கு வந்தேன். ஆறு மணிக்கு வழக்கம்போல மோட்டார் வந்தது. தம்பியை நிறுத்திக் கேட்டேன். "கடை தொறக்கும்போதே உங்களுக்கு எடுத்து வச்சிருவாங்கண்ணே. அப்புறம்தான் வியாபாரம்" என்றான்.

அந்த அக்கா காற்பந்தே பார்க்காதவர். நான் எந்த இடத்தில் ஆடுகிறேன், எந்த அணிக்கு ஆடினேன், எதுவும் அவருக்குத் தெரியாது. மற்ற எல்லாரும் பாசத்தோடு என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "எப்போ ஆடப் போறே?" கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதில் தெரியாதவனுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பாரம். அக்கா ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை. "சாப்பிட்டியா?" என்பதோடு சரி.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தாய்லாந்து கிளப்பிலிருந்து கடிதம் வந்த நாளை என்னால் மறக்க முடியாது. அன்றைக்குப் பயிற்சி செய்யும் எண்ணமே எனக்கு இல்லை. எதற்காகச் செய்ய வேண்டும், யாருக்காக ஆட வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு மணிக்கு ஐஸ் வந்துவிட்டது. வைத்திருந்து நாளைக்குப் பார்த்துக்கொள்கிற பொருளா அது, கரைந்துவிடுமே. ஒருத்தர் தன் பிழைப்பிலிருந்து எடுத்து வைத்ததை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்து பயிற்சியைச் செய்துவிட்டுக் காலில் ஐஸைக் கட்டினேன். அந்த ஒரு நாளை விட்டிருந்தால் அடுத்த நாளையும் விட்டிருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

மற்ற எல்லாருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பணம் திரட்டிக் கொடுத்த கோயில் கமிட்டி, பழைய அணித் தோழர்கள், வேலைக்கு லீவு போட்டு ஈப்போவுக்குக் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்த மாமா மகன், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக் காசு வாங்காமல் கடிதம் எழுதித் தந்த வழக்கறிஞர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், வழியனுப்ப விமான நிலையம் வரைக்கும் வந்து என் பையைத் தூக்கிய, அணிக்கு மசாஜ் செய்யும் அந்தத் தாய்லாந்துப் பெரியவர். உங்களில் யாரையும் நான் மறக்கவில்லை.

இந்த மாதங்களில் நிறைய யோசித்தேன். 2010 டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் நம் மலேசிய அணி இந்தோனேசியாவிடம் 2-1 என்று தோற்றும், புக்கிட் ஜாலிலில் முன்பே 3-0 என்று ஜெயித்திருந்ததால் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் நம் கைக்கு வந்தது. அப்போது நான் தமிழ்ப்பள்ளி மாணவன். பயிற்சியாளர் கே. ராஜகோபால், அணியில் எஸ். குணாளன். நம்மைப் போன்ற முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து நம் தோட்டத்துப் பையன்கள் எத்தனை பேர் அந்த வாரம் திடலுக்கு ஓடினோம்! டிசம்பர் 31-ஐ நாடு முழுக்கப் பொது விடுமுறையாகவே விட்டார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் செம்பனை ஓரத்துத் திடலில் ஆடினோம்.

மத்தியத் திடல் ஆட்டக்காரனாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். பந்து காலுக்கு வருமுன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு அது பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது. இளையோர் அணி, அப்புறம் மலேசியாவின் இரண்டாம் நிலை லீக்கான பிரிமியர் லீக் என்று போனேன். 2022 பருவத்தோடு பிரிமியர் லீக்கே நின்றுபோனது. என்னைப் போன்ற பலருக்கு உள்நாட்டில் இடம் இல்லாமல் போனது. தாய்லாந்து லீக்கில் ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அப்போது தனி ஒதுக்கீடு இருந்தது, அதில்தான் போனேன். அங்கே ஆடிய ஆட்டம் நல்ல ஆட்டம். அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

ஒன்றை மட்டும் ஊர் முன்னால் வாக்காகச் சொல்கிறேன். நான் எங்கே ஆடினாலும், ஊரில் இருக்கும் சனிக்கிழமைகளில் காலை ஏழரைக்குத் தோட்டத் திடலில் இருப்பேன். பையன்களும் பெண் பிள்ளைகளும் வரலாம். பந்தோடு சேர்த்து ஒப்பந்தம் படிக்கவும் சொல்லித் தருவேன். கிளப் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காவிட்டால், எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. வெளிநாடு போகும் நம் பிள்ளைக்கு அது போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பூட்ஸ் இல்லை என்று யாரும் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். என்னிடமும் தோழர்களிடமும் பழைய ஜோடிகள் இருக்கின்றன, அளவு பார்த்துக் கொடுக்கிறேன். தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் 8-ஆம் எண்
சுங்கை சிப்புட், பேராக்