குட்டியைப் பார்க்கப் போனேன், தாயைப் பார்த்து வந்தேன்

வடவள்ளி, கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் யாழினியும் சுகந்தானே?

நீ சொன்னபடி யாழினிக்கு நாய்க்குட்டி பார்க்க இரண்டு கென்னல்களுக்கு, அதாவது நாய்ப் பண்ணைகளுக்கு, போய் வந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் யாழினி பிடுங்கிக்கொள்வாள். இப்போதைக்கு அவள் காதுக்குப் போக வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. குட்டிக்கு முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை, அம்மிணி. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அன்னூர் போகிற வழியில் இருக்கிற இடத்துக்குப் போனேன். வாசலில் பெரிய போர்டு, அதில் எட்டு பத்து இனங்களின் படம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பையன் ஒருவன் உள்ளே போய் பிளாஸ்டிக் கூடையில் மூன்று ஸ்பிட்ஸ் இனக் குட்டிகளைத் தூக்கி வந்தான். மூன்றும் பவுடர் வாசனை அடித்தன. ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். மேலே விலா எலும்பு தட்டுப்பட்டது, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. அது புழு. கண் ஓரத்தில் பூளை காய்ந்திருந்தது. எத்தனை நாள் குட்டி என்றேன், நாற்பத்தைந்து என்றார்கள். தாயைப் பார்க்கலாமா என்றேன். "பின்னாடி இருக்குங்க சார், வெளியாள் போனா தொற்று வந்துரும்" என்று பதில் வந்தது.

தடுப்பூசி அட்டை கேட்டேன். தேதி மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியில் இருக்கிற ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டி, டாக்டர் கையெழுத்தும் சீலும் வைத்திருப்பார். அது எதுவும் இல்லை. பேப்பரோடு என்றால் ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலையாம். கென்னல் கிளப் பேப்பர் என்பது அப்பன் யார், ஆத்தா யார் என்கிற வம்சாவளிதான். குட்டி நோயில்லாமல் இருக்கிறது என்று அது சொல்லாது. கடைசியாக, "சென்னைன்னா நீங்க அலையவே வேண்டாம், ஆம்னி பஸ்ல பார்சல் போட்டு விட்டுர்றோம்" என்றார்கள். ஆறு வாரக் குட்டியை ராத்திரி பஸ்ஸின் சாமான் டிக்கியில் போட்டு ஐந்நூறு கிலோமீட்டர்! நான் வணக்கம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளில் இதற்கெல்லாம் தெளிவாக வரம்பு போட்டிருக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஆயுளுக்கு ஐந்து ஈத்து, எட்டு வயதுக்கு மேல் கிடையாது. பண்ணை வைத்திருப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நீ வேறு எங்காவது போய்ப் பார்த்தாலும் அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல். கூச்சப்படாதே.

தாயை நான் ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நம் நாய் மணிக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது நினைவிருக்கிறதா? 1996. உனக்கு எட்டு வயது. அட்டைப்பெட்டியில் பேப்பர் விரித்து, மேலே நாலு ஓட்டை போட்டு ஒரு கடைக்காரர் கொடுத்தார், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து வாரம்தான் இருக்கும். நீ ஜிம்மி என்று பேர் வைத்தாய். மூன்றாம் நாள் காலையில் பால் குடிக்கவில்லை. மத்தியானம் வாந்தி, சாயங்காலம் ரத்தமாகக் கழிச்சல். அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்ற முன்னங்காலில் நரம்பைத் தேடித் தேடிப் பார்த்தார். கால் உன் சுண்டுவிரல் தண்டிதான் இருந்தது. நீ வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி அதன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாய். விடியும்போது முடிந்துவிட்டது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

அன்றைக்கு டாக்டர் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தாயைப் பார்த்தீங்களா சார்?" பார்க்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அவர்தான் விளக்கினார். குட்டிகளின் குடலைத் தாக்குகிற பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் வேலையைக் காட்டும். அப்படியென்றால் குட்டி நம் வீட்டுக்கு வரும்போதே அது உள்ளே இருந்திருக்கலாம். தாய்க்கு ஒழுங்காக ஊசி போட்டு, பிறந்த உடனே குட்டி சீம்பால் குடித்திருந்தால், முதல் சில வாரங்களுக்கு அந்தப் பாலே அதைக் காக்கும். அந்தப் பாதுகாப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது ஊசி வந்து கைகொடுக்க வேண்டும். அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து, பதினாறு வாரம் வரைக்கும் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வைரஸ் மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும் என்று சொன்னதால் பிளீச்சிங் பவுடர் போட்டு வீட்டைக் கழுவினோம், ஒரு வருஷம் வேறு நாய் வேண்டாம் என்று இருந்தோம். பிறகு வந்த மணி, பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டு ஸ்பிட்ஸின் குட்டி. தாயை நமக்கு நாலு வருஷமாகத் தெரியும். பன்னிரண்டு வருஷம் நம்மோடு இருந்தான்.

யாழினி சப்பை மூக்கு பக் நாய் வேண்டும் என்கிறாளாம், அம்மா சொன்னாள். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் அது வந்தபோது ஊரே பக் தேடி அலைந்தது. அதன் முகம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதில்தான். பக்கின் மூக்கு அமுங்கி, மூச்சு போகிற வழியே குறுகிக் கிடக்கிறது. சென்னை மே மாதப் புழுக்கத்தில் அது படுகிற பாட்டைக் குழந்தை பார்க்க வேண்டாம். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத இனங்களின் பட்டியலில் பக் இருந்தது. குட்டைக்கால் டாஷ்ஹவுண்டும் நல்ல நாய்தான், ஆனால் முதுகு நீளம். சோபாவிலிருந்து குதித்துக் குதித்தே தண்டுவடத் தட்டு நழுவிவிடும். ஆறு வயதுக் குழந்தை முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினால் அதற்கு ஆபத்து.

சரி, இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. போர்டெல்லாம் இல்லை. வளர்ந்த நாய்கள் மொத்தம் ஆறு, இரண்டே இனம். சிமென்ட் தரை, வழுக்காமல் சொரசொரப்பாக, தண்ணீர் ஓட வாட்டம் விட்டுப் போட்டிருந்தார். படுக்கத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை. நான் முதலில் தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், பாசி வழுவழுப்பு இல்லை. மூக்கை மூடவும் வேண்டியிருக்கவில்லை. பதிவுச் சான்றிதழ் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

நான் கேட்டதைவிட அவர் என்னைக் கேட்டதுதான் அதிகம். எத்தனையாவது மாடி? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? குழந்தைக்கு வீசிங் உண்டா? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவார்கள்? மூன்றாவது மாடி, பெரம்பூர், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் அத்தை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படின்னா குட்டி வேண்டாங்க" என்றார்.

விற்க வேண்டிய ஆளே இப்படிச் சொல்கிறார் பார். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் அடக்காது, நாளைக்கு நாலு வேளை தீனி, ஊசி எல்லாம் முடிகிற வரைக்கும் தெருவில் இறக்கக் கூடாது, காலையிலிருந்து மூன்று மணி வரை தனியாகப் பூட்டிப்போட்டால் கத்திக் கத்தி, கடித்துக் கடித்து வளரும் என்றார். சொல்லிவிட்டு, "ரோஸி!" என்று கூப்பிட்டார்.

ஐந்து வயதுப் பெட்டை, வெள்ளை ஸ்பிட்ஸ். மூன்று ஈத்து ஆயிற்று, போதும் என்று நிறுத்திவிட்டார். இப்படி ஓய்வு கொடுத்ததை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவாராம், காசு வாங்குவதில்லை. அவள் நேராக ஓடி வந்து காலில் விழவில்லை. ஓரடி தள்ளி நின்றாள். முதலில் என் செருப்பை முகர்ந்தாள், அப்புறம் முழங்காலை, அப்புறம்தான் கையை. வயிற்றுப் பக்கம் பால் கொடுத்துக் கொடுத்து முடி மெலிந்திருக்கிறது. இடது காது நுனியில் பழைய காயத்தழும்பு. காதுக்குள் மடித்துப் பார்த்தேன், விரல் இடுக்கிலும் பார்த்தேன், உண்ணி இல்லை.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் என் கையிலிருந்து நழுவி சிமென்டில் விழுந்தது. ரோஸி துள்ளிப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றாள். நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நொடி இருக்கும், திரும்பி வந்து டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பயப்படாத நாய் கிடையாது, அம்மிணி. பயந்த பிறகு திரும்பி வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அவருடைய பேரன், மூன்று வயசு இருக்கும், அவள் தின்றுகொண்டிருந்த தட்டை இழுத்தான். உறுமவில்லை, தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பையனைப் பாட்டி ஒரு அதட்டு அதட்டித் தூக்கிக்கொண்டு போனாள், அதுவும் எனக்குப் பிடித்தது.

எனக்கு ரோஸிதான் சரி என்று படுகிறது. யாழினி குட்டி கேட்டாள், நான் வளர்ந்த நாயைச் சொல்கிறேன், உனக்கு மனசு சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிட்ஸ் பன்னிரண்டு பதினாலு வருஷம் இருக்கும். ரோஸிக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்று இப்போதே தெரிகிறது, குட்டியிடம் அது தெரியாது.

செலவும் வேலையும் இருக்கிறது, மறைக்கவில்லை. கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும், வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டினால் உயிருக்கே வந்துவிடும். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. கடைவாய்ப் பல்லில் காறை இருக்கிறது. உங்களுக்கு வேப்பேரி பக்கம்தானே, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அங்கேயே காட்டலாம். வெறிநோய் ஊசி வருஷா வருஷம். மாநகராட்சியில் உரிமம் எடுத்துவிடு. ஸ்பிட்ஸ் குரைக்கும், அதனால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வை. முடியை மொட்டையடிக்காதே, அது வெயிலையும் தடுக்கிறது. தினமும் சீப்பு போட்டால் போதும்.

சாப்பாட்டில்தான் உன் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நம் சாம்பார் சாதத்தில் வெங்காயம், ரசத்தில் பூண்டு, பாயசத்தில் உலர் திராட்சை. மூன்றும் நாய்க்கு விஷம். மிச்சம் மீதியைப் போடுகிற பழக்கமே வேண்டாம்.

வந்த புதிதில் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். லிஃப்ட், மிக்சி எதையும் பார்க்காதவள். யாரும் இழுக்கக் கூடாது. யாழினியைத் தரையில் உட்கார்ந்து படம் வரையச் சொல், ரோஸி தானாக வெளியே வருவாள். தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, முகத்தோடு முகம் வைத்துக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று அப்புச்சி சொன்னதாகச் சொல்.

மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்றால் வற்புறுத்தாதே. வேளச்சேரியில் ஆதரவில்லாத நாய்களைப் பராமரிக்கிற புளூ கிராஸ் இருக்கிறது, அங்கே போய்க் குடும்பத்தோடு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பஸ் பார்சலில் வருகிற குட்டி மட்டும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். சரி என்றால், சித்தப்பா காரில் நானே விடியற்காலையில் கிளம்பி வழியில் நிறுத்தி நிறுத்திக் கூட்டி வருகிறேன். அதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார். யாழினி போட்டுப் பழகிய பாவாடையோ சட்டையோ ஒன்றை ரோஸி படுக்கிற பலகையில் ஒரு வாரம் விரித்து வைக்க வேண்டுமாம், வாசனை பழகட்டும் என்று. கொரியரில் அனுப்பு. துவைத்துவிடாதே.

அன்புடன்
அப்பா