பூந்திக் கரண்டியில் சூரியனைக் காட்டிய ஆசிரியருக்கு நன்றி

ஐயா, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். ஆறு வருடமாக மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம்; நிலா சூரியனின் நடுவை மறைக்க, ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும் கிரகணம். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன. ஏழாவது படித்த என் மகளோடு தயங்கித் தயங்கித்தான் மைதானத்துக்கு வந்தேன். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் என்று மட்டும் சொன்னீர்கள். வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது என்று பிள்ளைகளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தீர்கள். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு பூந்திக் கரண்டியை எடுத்தீர்கள்.

காலை ஒன்பதரை மணி. கரண்டியின் நிழலில் ஓட்டைக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டி வளையங்கள்! “ஓட்டை வட்டமாத்தானே இருக்கு, நடுவுல ஏன் கறுப்பு?” என்று கேட்டாள் மகள். நீங்கள் விளக்கவில்லை. அட்டையையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, “சின்னதா, சதுரமா வெட்டிப் பாரும்மா” என்றீர்கள். வெட்டினாள். தரையில் விழுந்தது சதுரமில்லை, அதே வளையம்.

“இது ஓட்டையோட உருவம் இல்லம்மா, சூரியனோட உருவம்!” என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒளி நேர்கோட்டில் செல்வதால்தான் சின்ன ஓட்டை வழியே சூரியனின் உருவமே தரையில் விழுகிறது; ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதை அதன்பின் அவள் மனப்பாடம் செய்யவே இல்லை.

இப்போது கல்லூரியில் இயற்பியல், முதலாண்டு. அந்த அட்டை அவள் மேசையில்தான் இருக்கிறது. 2031 மே 21-இல் தென் தமிழகத்தில் மறுபடியும் கங்கண கிரகணம். பூந்திக் கரண்டியோடு பிள்ளைகள் நடுவில் அவள் நிற்பாள். நீங்கள் வர வேண்டும் ஐயா.