கட்டியின் அளவைப் பார்த்துப் பயப்படாதே

கோத்தகிரி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பச்சைத் தேயிலை விலை இன்னும் தேறவில்லை. காட்டெருமைகள் மட்டும் தவறாமல் வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போகின்றன. அது கிடக்கட்டும்.

பைப்ராய்டு என்றதும் புற்றுநோயோ என்று பதறியிருக்கிறாய். அது கருப்பைத் தசையிலேயே வளரும் சாதாரணக் கட்டி. அது புற்றாக இருப்பது மிக அரிது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிட்டது, கருப்பையையே எடுத்துவிடு என்கிறாராமே உன் நாத்தனார்? அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கருப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் சுண்டைக்காய் அளவுக் கட்டியே பெரும்பாட்டை, அதாவது மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கை, உண்டாக்கும். வெளிப்பக்கம் வளர்வது, பெரும்பாலும், பெரிதாகிச் சிறுநீர்ப்பையையோ குடலையோ அழுத்தினால்தான் தொல்லை. உன்னுடையது எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்.

எனக்கும் இதே கட்டிதான், ரத்தமும் அதிகம் போனது. கொழுந்து மூட்டையோடு மேடேறும்போது மூச்சு வாங்கியது. வயதாகிறது என்றார்கள் வீட்டில். பார்த்தால் ஹீமோகுளோபின் 7! நமக்கு 12 ஆவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும், அதிகம் போகும் நாட்களுக்கு மட்டும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்தார்கள். பிறகு கருப்பைக்குள் ஹார்மோன் லூப் வைத்தார்கள், சிறிது சிறிதாக ஹார்மோனை வெளிவிடும் சிறு கருவி அது. காப்பர் டி இல்லை, அது போக்கை இன்னும் கூட்டிவிடும். கட்டி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ரத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. மாதவிடாய் நின்றபின் கட்டி தானே சுருங்கும் என்பதால் காத்திருக்கிறேன். உள்ளறை கோணியிருந்தால் லூப் சரிப்படாது, கேட்டுக்கொள்.

கட்டியை மட்டும் எடுக்கலாம், ஆனால் புதிதாக முளைக்கக்கூடும். ரத்தக்குழாய் வழியே நுண்துகள்களைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் சிகிச்சையும் உண்டு. இனி வரவே கூடாது என்றால் கருப்பையை எடுப்பதுதான் வழி. அதைக் குறை சொல்ல மாட்டேன். சினைப்பையையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா, எதற்காக என்று மட்டும் தெளிவாகக் கேட்டுவிடு. சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நின்றபின் வரும் உடல்சூடும் எலும்புத் தேய்வும் முன்கூட்டியே தொடங்கிவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம், கருப்பையின் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவையா என்றும் விசாரி.

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை. உடனே பார்த்து எழுது. மே மாதம் இங்கே வா. காரில் வருவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அன்புடன்,
உன் ராதா