எமர்ஜென்சி டிபார்ட்மென்ட் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: குழந்தையை ரெண்டு தடவை பாக்க ஆள் குடுங்க

வணக்கம் சார், மேடம்.

நான் எமர்ஜென்சியில ட்ரையேஜ், அதாவது வர்றவங்கள்ல யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்கிற வேலை, பாக்குற நர்ஸ். இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் எழுதுறது இல்ல, ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேருன்னு முடிவு பண்றவங்க, ட்ரையேஜ் ஃபார்ம் எப்படி இருக்கணும்னு கையெழுத்து போடுறவங்க எல்லாருக்கும் சேத்துதான். புது மெஷின் எதுவும் கேக்கல. குழந்தை உள்ள வந்ததும் ஒழுங்கா பாக்க நேரம் வேணும், ட்ரீட்மென்ட் குடுத்தப்புறம் திரும்பப் போய் பாக்க ஆள் வேணும், அவ்ளோதான்.

நீங்க குடுத்திருக்குற ஃபார்ம் பெரியவங்களுக்குப் போட்டது. பிபி நார்மல்னு எழுதிட்டா பச்சை கலர் பட்டி கட்டி வெளிய உக்கார வெச்சிடலாம். ஆனா குழந்தை உடம்பு ஷாக்குக்குப் போறப்ப, அதாவது உடம்புக்குப் போதுமான ரத்த ஓட்டம் இல்லாதப்ப, ரத்தக்குழாயை இறுக்கி, இதயத்தை வேகமா அடிக்க வெச்சு, பிபியை கடைசி வரைக்கும் விடாமப் புடிச்சு நிறுத்தும், அது விழுந்தப்புறம் பாத்தீங்கன்னா ரொம்ப லேட். 1 வயசுலருந்து 10 வயசு வரைக்கும் மேல் பிபிக்கு ஒரு கணக்கு உண்டு, வயசோட ரெண்டு மடங்கை 70-ஓட கூட்டணும், அதாவது 4 வயசுப் பிள்ளைக்கு 78, அதுக்குக் கீழ போனா ஆபத்து. அந்த 78-க்கு இறங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே கை கால் சில்லுனு ஆயிருக்கும், நெஞ்சுல விரலை அழுத்தி எடுத்தா நிறம் திரும்ப 3 செகண்டுக்கு மேல ஆகும், ஒண்ணுக்குப் போயிருக்காது, ஊசியைப் பாத்தாக்கூட அழாது. அழுது ஊரைக் கூட்டுற பிள்ளையை விட இந்த அழாத பிள்ளையைப் பாத்தாதான் எங்களுக்கு பயம். இதுக்கெல்லாம் ஃபார்ம்ல ஒரு கட்டம்கூட இல்ல.

அடுத்தது மூச்சு. முழுசா 1 நிமிஷம் எண்ணணும். 2 மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 60, ஒரு வயசு வரைக்கும் 50, அப்புறம் 5 வயசு வரைக்கும் 40, இதைத் தொட்டாலே வேகமான மூச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா பழைய ஃபார்ம்களைப் புரட்டிப் பாருங்க, பாதிக்கு மேல 20, 22-ன்னே இருக்கும், யாரும் எண்ணலைன்னு அர்த்தம், எண்ண முடியாத அளவுக்கு வெளிய க்யூ நின்னுச்சுன்னும் அர்த்தம். மூச்சு வாங்குதுன்னா எல்லாமே சளியும் இல்ல. வாந்தி எடுத்துட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, நெஞ்சுல ஸ்டெத் வெச்சா க்ளியரா இருக்கு, அம்மாவைக் கேட்டா கொஞ்ச நாளா ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி குடிக்கிறான், நின்னு போன படுக்கை நனைக்கிறது மறுபடி ஆரம்பிச்சிருச்சுங்கிறாங்க. சுகர்! விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா அப்பவே தெரிஞ்சிடும், ஆனா அந்த சுகர் மீட்டர் ட்ரையேஜ் டேபிள்ல இருக்காது, எங்கயோ வார்டுல இருக்கும்.

எடை மெஷினும் அப்படித்தான். குழந்தைக்கு மருந்து எல்லாமே கிலோ கணக்கு, பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், எடையை குத்துமதிப்பா போட்டா டோஸும் குத்துமதிப்புதான், அவசரத்துல ஒரு புள்ளி தள்ளிப் போச்சுன்னா பத்து மடங்கு. எடை போட முடியாத நிலைமைன்னா பக்கத்துல வெச்சு உயரத்தை அளந்து எடை சொல்ற டேப் இருக்கு, அதையாவது சுவத்துல மாட்டுங்க.

சரி, ரெண்டாவது தடவை பாக்குறது ஏன்னு கேப்பீங்க. 2011-ல கென்யா, உகாண்டா, தான்சானியாவுல 3000-க்கும் மேல குழந்தைகளை வெச்சு ஃபீஸ்ட்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. கடுமையான காய்ச்சலோட ரத்த ஓட்டம் குறைஞ்சு வந்த பிள்ளைங்க, வேகமா ட்ரிப்ஸ் ஏத்தினவங்கள்ல 48 மணி நேரத்துக்குள்ள நூத்துக்கு 10.5 பேர் கிட்ட இறந்தாங்க, அப்படி ஏத்தாதவங்கள்ல 7.3. வயித்துப்போக்குல காஞ்சு வந்த பிள்ளைங்களை அதுல சேக்கல, ஐசியு வசதி இல்லாத இடங்கள்ல நடந்ததுன்னு டாக்டருங்க இன்னும் வாதம் பண்றாங்க, பண்ணட்டும். எனக்கு அதுல விஷயம் என்னன்னா, ட்ரிப்ஸை ஓட விட்டுட்டு அடுத்த பெட்டுக்கு ஓடக்கூடாது. கல்லீரல் வீங்குதா, மூச்சு கூடுதா, நெஞ்சுல தண்ணி சத்தம் வருதான்னு ஒருத்தர் பக்கத்துல நின்னு பாக்கணும், அதுக்கு ஆள் எங்க?

எல்லா காய்ச்சலுக்கும் எல்லா டெஸ்டும் எடுங்கன்னு நான் சொல்லல, அது வேற தலைவலி. வர்றதுல முக்கால்வாசி வைரஸ்தான், தானா சரியாயிடும். கைக்குழந்தைங்களுக்கு வைரஸால நுரையீரல்ல சின்ன மூச்சுக்குழாய் வீங்குற பிராங்கியோலைட்டிஸுக்கு ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், எக்ஸ்ரேயும் பெரும்பாலும் வேண்டாம், ஆக்சிஜன் போதுதா, பால் குடிக்குதான்னு பாத்தாப் போதும். தேவையில்லாததை விட்டாலே கொஞ்சம் நேரம் மிச்சமாகும். ஆனா 3 மாசம் ஆகாத குழந்தைக்கு 100.4 காய்ச்சல், பட்டன் பேட்டரி முழுங்கினது, திடீர்னு விதையில வலி, இந்த மூணும் க்யூவுல உக்காரவே கூடாது. பேட்டரி உணவுக்குழாய்ல சிக்கிச்சுன்னா 2 மணி நேரத்துலயே புண்ணாக்கிடும்.

கடைசியா பெத்தவங்க. "இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான் சிஸ்டர்"னு ஒரு அம்மா சொன்னா அதை எழுத ஒரு இடம் வேணும். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல ரையன் விதின்னு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல 2024-லருந்து மார்த்தா விதி, ரெண்டுமே குடும்பம் பயந்து சொன்னதைக் கேக்காம விட்டு இறந்து போன பிள்ளைங்க பேர்ல வந்ததுதான். குழந்தை மோசமாகுதுன்னு தோணுச்சுன்னா குடும்பமே வேற டாக்டரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லலாம். நீங்க விதியெல்லாம் போட வேண்டாம், ஃபார்ம்ல "பெத்தவங்களுக்கு கவலை இருக்கா"ன்னு ஒரு கட்டம் போடுங்க, ஆமான்னு டிக் இருந்தா சீனியர் டாக்டர் பாக்காம டிஸ்சார்ஜ் கிடையாதுன்னு ஒரு வரி எழுதுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பல்ஸையும் மூச்சையும் திரும்ப எண்ணி எழுதவும் இடம் விடுங்க.

அடுத்த ரோஸ்டர்ல ட்ரையேஜுக்கு ரெண்டு பேர் போடுங்க, நைட் ஷிஃப்ட்டுக்கும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு ட்ரையேஜ் நர்ஸ்