பல்லிகளை விட்டுவிடாதே

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள நண்பா,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விட்டுவிட்டது, கொசு மட்டும் போகவில்லை.

பிள்ளைகளுக்காக இந்தக் காலத்துக்கு மாற்றி, வேடிக்கையாக நீ எழுதி அனுப்பிய சின்ட்ரெல்லா கதை கிடைத்தது. யாருக்காக எழுதினாயோ அவர்களே சொல்லட்டும் என்று, பேத்தியையும் எங்கள் பிளாட் வாண்டுகளையும் மொட்டை மாடியில் உட்காரவைத்து வாசித்தேன்.

சின்ட்ரெல்லா மெட்ரோவில் போய் செல்ஃபி எடுக்கும் இடத்தில் லேசாகச் சிரித்தார்கள். அதோடு சரி. தினம் மெட்ரோவில் போகிற பிள்ளைகளுக்கு அதில் என்ன அதிசயம்? விழுந்து விழுந்து சிரித்தது, நீ ஒரே வரியில் தாண்டிப்போன பல்லிகளுக்கு. தேவதை அவற்றைச் சேவகர்களாக மாற்றுகிறாள் இல்லையா, அங்கே ஒரு பையன், "தாத்தா, வண்டி கிளம்பும்போது பல்லி கத்தினா?" என்றான். "சகுனம் சரியில்ல, நாளைக்குப் போலாம்னு தேவதை சொல்லிடும்" என்றாள் இன்னொருத்தி. அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்துப் பலன் பார்ப்பது, பார்த்து முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு அடிப்பது என்று கதையை அவர்களே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

1697-ல் சின்ட்ரெல்லா கதையைப் பிரெஞ்சில் எழுதிய சார்ல் பெரோவும் இந்த இடத்தில் விளையாடித்தான் இருக்கிறார். பூவாளிக்குப் பின்னால் கிடந்த ஆறு பல்லிகள், சேவகர்களான கையோடு, பிறந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு என்பதுபோல வண்டியின் பின்னால் தொற்றிக்கொள்கின்றன. வண்டிக்காரன், மீசைக்காகவே பொறுக்கியெடுத்த எலி! கதைக்குள்ளேயே இவ்வளவு கிடக்கும்போது மெட்ரோ எதற்கு?

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் பழையபடி ஆச்சே, செருப்பு மட்டும் ஏன் ஆகலை என்றும் கேட்டார்கள். பெரோவின் கதையில் வண்டி பூசணிக்காயிலிருந்து வந்தது, பட்டாடை கந்தலிலிருந்து வந்தது. கண்ணாடிச் செருப்பு மட்டும் தேவதை கையோடு கொடுத்தது. விளக்கிச் சொன்னேன், ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. "கேரண்டி செருப்பு" என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த சைஸ் ஊரிலேயே ஒருத்திக்குத்தானா, இளவரசன் ரங்கநாதன் தெருவுக்கு வந்து பார்க்கட்டும் என்றாள் பேத்தி. தாராளமாக எடுத்துக்கொள், ராயல்டி கேட்கமாட்டாள்.

ஒரு சின்னக் குட்டி மட்டும் சிரிக்காமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மூலக் கதையே தெரியாது. பாட்டி வடை சுட்ட கதை தெரிந்தவனுக்குத்தானே, காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடுவது சிரிப்பு? ஆகவே முதல் பக்கத்தில் நேரான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடு. நீட்டாதே, பெரிய பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வருவாய் அல்லவா? லாட்ஜ் எல்லாம் வேண்டாம், இங்கேயே தங்கு. திருத்திய பிரதியோடு வா. மெட்ரோ அப்படியே இருந்தால் வாண்டுகளுக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி