உறுமினால் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வீட்டு நாய். பெயர் மணி, வயது எட்டு. எங்கள் தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதால், தினமும் காலையில் அக்காதான் உங்கள் நாளிதழை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். நானும் காலடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாய் கடித்த செய்தி வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: அமைதியாக இருந்த நாய் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பாய்ந்து கடித்தது, இத்தனை தையல், குழந்தை மருத்துவமனையில். அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். வெறிநோய் கண்ட நாயின் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றபடி நாங்கள் கடிப்பதற்கு முன்னால் அநேகமாகச் சொல்லிவிடுகிறோம். சொன்னதை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலோ, சொன்னதற்கு அடி விழுகிறது.

எங்கள் பேச்சில் முக்கால்வாசி உடம்பால்தான். பிடிக்காத ஒன்று கிட்டே வந்தால் முதலில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவேன். எதையும் தின்னாதபோதே நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொள்வேன். நகர இடம் இருந்தால் எழுந்து போய்விடுவேன். இல்லாவிட்டால் காது பின்னுக்குப் போகும், வால் கால்களுக்கு நடுவே ஒடுங்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டிப் பார்ப்பேன். அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். அதற்கும் அடுத்த கட்டம் விறைத்துப்போவது. வாயை மூடி, மூச்சை அடக்கி, அசையாமல் இருப்பேன். "எவ்வளவு பொறுமை பாருங்கள்" என்று பலர் மெச்சுவது இந்த நொடியைத்தான். மிகவும் அபாயமான நொடியும் இதுதான். அப்புறம்தான் உறுமல், பல்லைக் காட்டுவது, காற்றில் ஒரு கவ்வு. கடி வருவது கடைசியில்.

குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படங்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. அடுத்த முறை குழந்தையைப் பார்த்த பிறகு நாயின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். காது எங்கே இருக்கிறது, வாய் தளர்வாகத் திறந்திருக்கிறதா, கண்ணில் வெள்ளை தெரிகிறதா என்று கவனியுங்கள். எங்களில் பலருக்குக் கழுத்தைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது பிடிக்காது. வால் ஆடுகிறதே என்பீர்கள். வால் ஆடினாலே சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு முழுக்கக் குழைந்து ஆடும் வால் வேறு, விறைத்து உயர்ந்து படபடவென்று ஆடும் வால் வேறு. இத்தாலியில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், எஜமானரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கம் கூடுதலாக வீசியது. முரட்டுத்தனமான அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பா தவழ ஆரம்பித்திருந்த நேரம். எனக்கு வலது காதுக்குள் அரிப்பு, வலி. ஓயாமல் தலையை உதறினேன், பின்னங்காலால் சொறிந்தேன், காதைத் தரையில் வைத்துத் தேய்த்தேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே படுத்திருந்தேன். பாப்பா தவழ்ந்து வந்து, அதே காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். முகத்தைத் திருப்பினேன். மூக்கை நக்கினேன். பின்னால் சுவர், போக வழியில்லை. உறுமினேன். அப்பா செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்று, "அடிக்காதீங்கப்பா. மணி கடிக்கலை, விடச் சொல்றான்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் கால்நடை மருத்துவர் காது மடலைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே கறுப்பு மெழுகு, புளித்த வாடை. அதில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்கிறது என்றார். கழுவும் திரவமும் சொட்டு மருந்தும் கொடுத்தார். தொங்கும் காதுக்குள் காற்று அவ்வளவாகப் புகாது, குளிப்பாட்டிய பிறகு ஈரம் தங்காமல் துடைத்துவிட வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டால் அழுக்கை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும் என்று அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். காது ஆறியது, உறுமலும் நின்றது.

சாதுவாக இருந்த நாய் சிடுசிடுப்பாக மாறினால் முதலில் எங்கோ வலிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பல், காது, மூட்டு, முதுகு என எங்கேயும் இருக்கலாம். வலியை வெளியே காட்டிக்கொள்ளாத ஜாதி நாங்கள். படியேறத் தயங்குவது, ஒரே காலை நக்கிக்கொண்டே இருப்பது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, தொட்டால் சட்டென்று திரும்புவது எல்லாம் அதன் அறிகுறிகள். மூக்கு காய்ந்திருப்பதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. எங்கள் உடம்பின் இயல்பான சூடே சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது உங்களைவிடக் கூடுதல். பாவமாக இருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குக் கேட்கும் மாத்திரை எங்கள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

உறுமும் நாயைப் புரட்டிப் போட்டு அமுக்க வேண்டும், யார் தலைவன் என்று காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தவை அடைத்து வளர்க்கப்பட்ட, தலைமைக்காக மோதிக்கொண்ட ஓநாய்கள். காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளுமாக வாழும் குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். நாங்களோ ஓநாய்கூட இல்லை. அடித்தால் உறுமல் நிற்கும், உறுமலுக்குக் காரணமான பயமோ வலியோ நிற்காது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய்க்கு மிச்சம் இருப்பது பல் மட்டும்தான். எச்சரிக்கை இல்லாமல் கடித்ததாகச் செய்தியில் வரும் நாய்களில் இப்படி வாயடைக்கப்பட்டவையும் உண்டு.

நாய் உறுமினால் செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். கத்த வேண்டாம், ஓட வேண்டாம், கண்ணுக்குக் கண் முறைக்க வேண்டாம். குழந்தையை நிதானமாகத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். எதற்காக உறுமியது என்று அப்புறம் யோசியுங்கள். தின்னும்போது தட்டில் கை வைத்தார்களா? தூங்கும்போது மேலே விழுந்தார்களா? வாயில் இருந்ததைப் பிடுங்கினார்களா? பிடுங்குவதற்குப் பதிலாக, அதைவிட நல்லதாக ஒன்றை நீட்டினால் நானே கீழே போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் இப்போது ஹாலின் மூலையில் எனக்கென்று ஒரு விரிப்பு இருக்கிறது. நான் அதில் படுத்திருந்தால் யாரும் வருவதில்லை, பாப்பா உட்பட. விளையாடத் தோன்றினால் நானே எழுந்து அவளிடம் போகிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எங்கள் இருவரையும் தனியாக விடுவதில்லை. எந்த நாயானாலும், எவ்வளவு நல்ல நாயானாலும் இதுதான் சரி. சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் கடிப்பது அவர்களுக்குப் பழக்கமான நாய்தான், தெருவில் எதிர்ப்பட்ட அந்நிய நாய் அல்ல.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை நாங்கள் பார்ப்பதும் கேட்பதும் ஆயுளுக்கும் மனதில் நிற்கும். குழந்தைகளின் கூச்சல், குடை, தலைக்கவசம், மிக்ஸி சத்தம், ஊன்றுகோல் எல்லாவற்றையும் அப்போதே மெதுவாக, பயமுறுத்தாமல் அறிமுகப்படுத்திவிடுங்கள்.

இனி வெறிநோய். அது வந்த நாயிடம் நான் மேலே சொன்ன ஒழுங்கு எதையும் எதிர்பார்க்க முடியாது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய்கள் வழியாக வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆனால் 1885இல் லூயி பாஸ்டர் மனிதருக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டிய நாளிலிருந்தே இதற்கு வழி இருக்கிறது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு வருடத்தில் அடுத்தது, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்குப்படி. கடிபட்டவர்கள் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். நாய்க்கடிச் செய்தி எடுக்கப் போகும் நிருபர் கடிக்கு முந்தைய ஐந்து நிமிடத்தையும் விசாரிக்கட்டும். நாய் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, விலகிப்போக வழி இருந்ததா, முன்பு உறுமியதற்காக அடி வாங்கியதா, உடம்புக்கு ஏதாவது இருந்ததா, தடுப்பூசி போட்டிருந்ததா என்று கேட்டு எழுதட்டும். கூடவே, காயத்தைக் கழுவும் முறையையும் உடனே ஊசி போட வேண்டும் என்பதையும் அதே செய்தியின் கீழே ஒவ்வொரு தடவையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மணி
(சொல்லச் சொல்ல எழுதியது: அக்கா)