கை நிறையச் சம்பளம் வாங்கும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பிரிட்டனில் நீ வேலை பார்க்கும் நிதி நிறுவனத்தில், உனக்குப் பின்னால் சேர்ந்த ஆணுக்கு உன்னைவிட இரண்டு மடங்கு போனஸ் என்று தெரியவந்ததைச் சொன்னாய். அதோடு நிற்காமல், "இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு நான் புகார் சொன்னால் யார் அம்மா இரக்கப்படுவார்கள்?" என்றும் கேட்டாய். போனஸைவிட அந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது.

உனக்கு எதற்கு இரக்கம்? அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்கு எந்தச் சட்டம் சம ஊதியம் தருகிறதோ, அதே சட்டம்தான் உனக்கும். நிறைய வாங்குகிறவள் வாய் திறக்கக் கூடாது என்றால், மேலே ஏற ஏறப் பெண்ணின் உரிமை தேய்ந்துகொண்டே போகும். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் நிதித் துறையில் அநியாயம் ஒளிந்துகொள்ளும் இடமே போனஸ்தான். சம்பளத்துக்கு ஒரு வரம்பாவது உண்டு. போனஸ் மேலதிகாரியின் விருப்பம். லண்டனில் ஷ்ரோடர் செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில் பங்கு ஆய்வாளராக இருந்த ஜூலி பவருக்குக் கிடைத்தது 25,000 பவுண்டு. உடன் வேலை செய்த ஆண்கள் இருவருக்கு நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆறரை லட்சமும். 2002-ல் தீர்ப்பாயம் அவருக்கு 14 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கியது.

லூயிஸ் பார்ட்டன் வழக்கை நீ அவசியம் படிக்க வேண்டும். இன்வெஸ்டெக் நிதி நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர்; ஆண் சக ஊழியரைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தவர். போனஸ் விதிகளை எழுதி வைக்காததும், யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்லாததும் லண்டன் நிதி வட்டாரத்து வழக்கம் என்று சொல்லி, கீழ்த் தீர்ப்பாயம் அவரைத் தோற்கடித்தது. 2003-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் தள்ளியது. தொகை பெரிது என்பதற்காக ரகசியத்தைச் சாக்காக வைத்துச் சம ஊதியக் கடமையிலிருந்து தப்புவதை எந்தத் தீர்ப்பாயமும் கண்டும் காணாததுபோல் விடக் கூடாது என்றது. அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் மேலதிகாரி சொல்லும் "வழக்கம் அப்படி" என்ற பதில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அடிபட்டுப் போனது.

பணம் மட்டும் பேச்சல்ல என்பது உனக்கே தெரியும். பிஎன்பி பரிபா வங்கியின் லண்டன் கிளையில் வேலை பார்த்த ஸ்டேசி மேக்கனின் மேசைமேல், குடித்துவிட்டு வந்த சக ஊழியர்கள் சூனியக்காரித் தொப்பி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் எதையாவது கேட்கப் போனால் மேலதிகாரி "இப்போது வேண்டாம், ஸ்டேசி" என்பாராம். அது அடிக்கடி நடக்க, மற்றவர்களும் அதையே சொல்லிக் கேலி செய்தார்களாம். அவருடைய சம்பளம் 1,20,000 பவுண்டு, அதே வேலையில் இருந்த ஆணுக்கு 1,60,000. 2022-ல் அவருக்கு இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. தொப்பியையும் சம்பளத்தையும் தனித்தனியாகப் பார்க்காதே. மேசையில் தொப்பி வைக்கத் துணிந்த இடத்தில்தான் நாற்பதாயிரம் குறைத்துக் கொடுக்கவும் துணிவு வருகிறது.

எளிதான பாதை என்று நான் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கிமீது கிறிஸ்டினா சென்-ஓஸ்டர் பாலினப் பாகுபாட்டுப் புகார் கொடுத்தது 2005-ல். ஏறத்தாழ 2,800 பெண்களுக்காக 21.5 கோடி டாலரில் சமரசம் ஆனது 2023-ல். பதினெட்டு ஆண்டுகள்!

இனி நீ செய்ய வேண்டியது. நடந்ததை அன்றன்றே தேதியோடு எழுதி வை: யார் சொன்னார், என்ன சொன்னார், யார் இருந்தார். ஆனால் வாடிக்கையாளர் விவரம் உள்ள எதையும் உன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதே, அதையே காரணம் காட்டி உன்னை வெளியேற்றுவார்கள். போனஸ் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் கேள். சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், பாகுபாடு இருக்கிறதா என்று அறியப் பேசுவதை அது தடுக்க முடியாது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தின் 77-ஆவது பிரிவைப் பார். புகார் சொன்னதற்காகப் பழிவாங்கினால் அதுவும் தனிக் குற்றச்சாட்டாகும். மேக்கன் அதிலும் வென்றார்.

வழக்குத் தொடுக்கும் கெடு மாதக் கணக்கில்தான். மனிதவளத் துறை விசாரணை என்று இழுத்துக்கொண்டிருந்தாலும் உன் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்.

ஒருவேளை அவர்களே ஒரு தொகையையும், வெளியே பேசாதே என்ற நிபந்தனையையும் நீட்டலாம். அன்றே கையெழுத்துப் போடாதே. நீ தனியாகச் சட்ட ஆலோசனை பெறாவிட்டால், வழக்குப் போடும் உரிமையை நீ விட்டுக்கொடுத்ததாக அந்த ஒப்பந்தம் சொல்வது அங்கே செல்லவே செல்லாது. நன்றாக யோசித்து, வாங்கிக்கொண்டு வெளியேறுவதே மேல் என்று உனக்குத் தோன்றினால் அதற்கும் நான் சம்மதம். கடைசிவரை போராடினாலும் சம்மதம். யாரும் இரக்கப்பட மாட்டார்கள் என்று பயந்து பேசாமல் இருப்பதற்கு மட்டும் சம்மதமில்லை.

வழக்கறிஞரைப் பார்க்கும் நாள் முடிவானதும் எனக்குத் தெரிவி. அவரிடம் கேட்க வேண்டியவற்றை முந்தின நாள் இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா